இன்ஃபிஸால் எழுத்துகள்: 1961இன் பிரிவினை வழக்கு குறித்து ஒரு மறுவாசிப்பு

அரபு மொழியில் சில சொற்கள் அகராதியில் ஒரு பொருளும் அரசியலில் வேறொரு பொருளும் கொண்டு வழங்குகின்றன. 'இன்ஃபிஸால்' அத்தகையதொரு சொல். 'ஃபஸல' என்னும் வேரினின்று பிறந்த அச்சொல்லுக்குப் பிரிந்துபோதல் என்பதே நேர்ப்பொருள். அவ்வேரிலிருந்து கிளைத்த 'ஃபஸ்ல்' என்னும் சொல் நூலின் இயலையும் ஆண்டின் பருவத்தையும் குறிக்கும். மறுமை நாளைத் திருக்குர்ஆன் 'யவ்முல் ஃபஸ்ல்', அதாவது தீர்ப்பு நாள், என வழங்குகிறது. 1961ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாளுக்குப் பின் இவ்வளவு கண்ணியமான குடும்பத்தில் பிறந்த அச்சொல் வசைச்சொல்லாயிற்று. ஒருவரை 'இன்ஃபிஸாலீ' என்று சொல்லிவிட்டால், அவர் பேச வந்த நியாயத்தை அதன்பின் எவரும் கேட்க வேண்டியதில்லை என்றாயிற்று.

எகிப்தும் சிரியாவும் இணைந்த ஐக்கிய அரபுக் குடியரசிலிருந்து அன்று சிரியா விலகியது. ஒரு நாடு தான் சேர்ந்த அரசியல், பொருளாதார ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்னும் வினா, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறிய 2020ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் பேசப்பட்டது. அதற்கு ஏறத்தாழ அறுபதாண்டுகளுக்கு முன்னரே அரபு உலகம் அவ்வினாவைச் சந்தித்து, அதைப் பற்றி ஏராளமாக எழுதியும் வைத்துள்ளது. அவ்வெழுத்துகளுள் நான்கினை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 'விலகியது சரியா, தவறா' என்று நாம் தீர்ப்புக் கூறப் போவதில்லை. அந்நூல்கள் அவ்வினாவை எவ்வாறு கேட்டன, எதைக் கேட்காமல் விட்டன என்பதே நம் ஆய்வு.

முதற்கண் நிகழ்ச்சிகளைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1958 ஜனவரியில் சிரியாவின் இராணுவ அதிகாரிகள் குழுவொன்று, படைத்தலைவர் அஃபீஃப் அல்பிஸ்ரீயின் தலைமையில் கெய்ரோ சென்று, ஒன்றியம் வேண்டுமென ஜமால் அப்துந் நாஸிரிடம் கோரியது. திமிஷ்க் (டமாஸ்கஸ்) அமைச்சரவை இதன் பின்னரே வெளியுறவு அமைச்சர் ஸலாஹுத்தீன் அல்பீத்தாரை அனுப்பியது. அமைச்சர்களுள் சிலர் கூட்டாட்சி போதுமெனக் கருதினர். முழு இணைப்பு அன்றி வேறெதற்கும் நாஸிர் இசையவில்லை. அரசியல் கட்சிகள் கலைக்கப்பட வேண்டும், படை அரசியலிலிருந்து விலக வேண்டும், மக்கள் வாக்கெடுப்பு நடைபெற வேண்டும் என்பன அவர்தம் நிபந்தனைகள். பிப்ரவரி 1இல் நாஸிரும் சிரியக் குடியரசுத் தலைவர் ஷுக்ரீ அல்குவத்லீயும் ஒன்றியத்தை அறிவித்தனர். பிப்ரவரி 21இல் வாக்கெடுப்பு நடந்தது; இரு நாடுகளிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டோர் ஆதரித்ததாக முடிவு வெளியாயிற்று.

மூன்றரை ஆண்டுகளில் அது முறிந்தது. முறிவுக்கான காரணங்களை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஒருமனதாகவே கூறுவர். 1958இன் நில உச்சவரம்புச் சட்டம் பெருநிலக்கிழார்களைப் பகைத்தது. 1958 முதல் தொடர்ந்த வறட்சி உழவரை வாட்டியது. 1959இல் நாஸிரின் துணைவரும் படைத்தலைவருமான அப்துல் ஹகீம் ஆமிர் சிரியாவை ஆள அனுப்பப்பட்டார். அவ்வாண்டு இறுதியில் பாஸ் கட்சியைச் சார்ந்த அமைச்சர்கள் பதவி துறந்தனர். அப்துல் ஹமீத் ஸர்ராஜின் உளவுத்துறை வீடுதோறும் அச்சத்தை விதைத்தது. 1961 ஜூலையில் வந்த தேசியமயச் சட்டங்கள் வங்கிகளையும், 'அல்குமாஸிய்யா' போன்ற பெரும் நெசவு நிறுவனங்களையும் அரசின் கைக்குக் கொணர்ந்தன. ஆகஸ்டில் எஞ்சியிருந்த வட்டார அமைச்சரவையும் கலைக்கப்பட்டு, ஆட்சி முழுதும் கெய்ரோவில் குவிந்தது. செப்டம்பர் 28 விடியலில் ஆமிரின் சொந்த அலுவலகத்தின் பொறுப்பிலிருந்த அப்துல் கரீம் நஹ்லாவீயும் உடன் அதிகாரிகளும் திமிஷ்கைக் கைப்பற்றினர்.

அந்நாளில் நிகழ்ந்த ஒன்றினைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். கிளர்ச்சியாளர்கள் வானொலியில் வரிசையாக அறிக்கைகள் வெளியிட்டனர். ஒன்பதாம் அறிக்கை, ஆமிருடன் உடன்பாடு கண்டாயிற்று, ஒன்றியத்துக்கு ஊறு நேராது என்னும் கருத்தில் அமைந்தது. அவ்வுடன்பாடு நிலைக்கவில்லை. பத்தாம் அறிக்கை அதனை இரத்துச் செய்தது. ஆமிர் கெய்ரோவுக்கு அனுப்பப்பட்டார். ஆக, ஒரு பகலின் சில மணி நேரம் மட்டுமே 'எந்த நிபந்தனையில் சேர்ந்திருக்கலாம்' என்னும் வினா அந்நாட்டில் வெளிப்படையாக ஒலித்தது. அதுவும் துப்பாக்கியின் நிழலில் ஒலித்தது.

இனி நூல்களுக்கு வருவோம். முதலாவது, 'அல்அஹ்ராம்' ஆசிரியராயிருந்த முஹம்மத் ஹஸனைன் ஹைகலின் 'மா அல்லதீ ஜரா ஃபீ ஸூரியா' (சிரியாவில் நடந்தது என்ன?). 1962இல் வெளியான இந்நூல் கெய்ரோவின் கண்கொண்டு எழுதப்பட்டது. ஹைகலின் நடை தெளிவும் வேகமும் உடையது. அரபு இதழியல் உரைநடைக்கு அன்னார் அளித்த கொடையை மறுப்பதற்கில்லை. ஆயின் அவருடைய வினா 'யார் உடைத்தார்?' என்பதே. பிற்போக்குச் சக்திகள், சொத்திழந்த முதலாளிகள், அந்நியக் கைகள் என்னும் விடை அவ்வினாவுக்கு எளிதில் கிடைத்துவிடுகிறது. அவ்விடையில் உண்மை இல்லாமலில்லை. ஜூலைச் சட்டங்களால் இழந்தோர் பிரிவினையை வரவேற்றது நடந்த செய்தியே. எனினும் 1958இல் வீதிகளை நிறைத்த அதே மக்கள் 1961இல் ஒன்றியத்தைக் காக்கத் திரளாக ஏன் எழவில்லை என்னும் வினாவுக்குச் சதி என்னும் சொல் விடையாகாது.

இரண்டாவது, காலித் அல்அஸ்மின் நினைவுக்குறிப்புகள். 1965இல் அன்னார் பெய்ரூத்தில் மறைந்தபின், எழுபதுகளின் தொடக்கத்தில் மூன்று பாகங்களாக வெளிவந்தவை. அல்அஸ்ம் திமிஷ்கின் பழம்பெரும் குடும்பத்தவர், பன்முறை பிரதமராயிருந்தவர், முழு இணைப்பை ஏற்காதவர். ஹைகல் காணாத பலவற்றை இவர் காண்கிறார். இருநாட்டுப் பொருளாதாரமும் வேறுபட்ட இயல்பின என்பதையும், திமிஷ்க், ஹலப் (அலெப்போ) வணிகரின் தன்முயற்சியில் வளர்ந்த தொழிலை நைல் பள்ளத்தாக்கின் அளவுகோலால் அளந்தது பிழை என்பதையும் உணர்ந்தவர் அவர். ஆனால் இந்த மூத்த அரசியலாரின் எழுத்தில் வணிகரின் இழப்பு உரக்கக் கேட்கும் அளவுக்கு, நிலச்சட்டத்தால் முதன்முறை ஒரு துண்டு நிலத்தைத் தனதென எண்ணிய உழவனின் குரல் கேட்பதில்லை. பிரிவினை ஆட்சி 1962இல் அச்சட்டத்தைத் தளர்த்த முற்பட்டபோது அவ்வுழவனுக்கு விலகல் என்பது விடுதலையாகத் தோன்றியிருக்குமா?

மூன்றாவது, அக்ரம் அல்ஹவ்ரானீயின் நான்கு பாகங்கள் கொண்ட நினைவுகள். அவர் மறைந்து நான்காண்டுகளுக்குப் பின், 2000இல் கெய்ரோவில் வெளியாயின. ஹவ்ரானீ 1957இல் சிரிய நாடாளுமன்றத்தின் தலைவர். ஒன்றியத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவர். 1959 இறுதியில் பதவி துறந்தவர். 1961 அக்டோபரில் பிரிவினையை ஆதரித்த அறிக்கையில் ஒப்பமிட்டவர். பீத்தாரும் அதில் ஒப்பமிட்டார். பின்னர் அதினின்று பின்வாங்கினார். ஹவ்ரானீ பின்வாங்கவில்லை. தாம் கண்ட கொடுமைகளை அவர் நாள்வாரியாக அடுக்குவது ஆய்வாளருக்குப் பெருஞ்செல்வம். ஆனால் கட்சிகளைக் கலைக்கும் நிபந்தனையை 1958இல் ஏற்றுக்கொண்ட தலைவர்களுள் தாமும் ஒருவர் என்னும் கணக்கு, பிறர் மீதான கணக்கைப்போல் அத்துணை விரிவாக எழுதப்படவில்லை என்றே எமக்குப் படுகிறது. எதிர்க்கட்சியே இல்லாத வீட்டுக்குள் விரும்பிப் புகுந்தவர், உள்ளே எதிர்க்குரல் எழுப்ப இடமில்லை என்று முறையிடும்போது, அம்முறையீடு உண்மையாயினும் பாதியளவே நிற்கிறது.

நான்காவதே மிக அரியது. அது எவரும் நூலாக எழுதியதன்று. 1963 மார்ச்சு, ஏப்ரலில் எகிப்து, சிரியா, இராக் ஆகிய மூன்று நாடுகளின் பேராளர்கள் புதியதோர் ஒன்றியம் குறித்துக் கெய்ரோவில் நடத்திய பேச்சுகளின் குறிப்பேடு. ஏப்ரல் 17இல் கையெழுத்தான உடன்படிக்கை சில மாதங்களில் செத்தது. பின்னர் எகிப்திய அரசே அப்பேச்சுகளை அச்சிட்டு வெளியிட்டது. அதில் நாஸிர் பாஸ் தலைவர்களைக் குறுக்கு விசாரணை செய்கிறார்: ஏன் பதவி துறந்தீர்கள்? பிரிவினை அறிக்கையில் ஏன் ஒப்பமிட்டீர்கள்? அவர்களோ எகிப்திய ஆட்சிமுறையின் தவறுகளைச் சுட்டுகின்றனர். முறிவுக்குப் பதினெட்டு மாதங்கள் கழித்து, மூடிய அறைக்குள், இருதரப்பும் முகம்பார்த்து முதன்முறை பேசுகின்றன. 1959இல் திமிஷ்கில், மக்கள் கேட்க, பேசப்பட்டிருக்க வேண்டிய பேச்சு அது. வெளியிட்டதன் நோக்கமும் எதிர்த்தரப்பை அம்பலப்படுத்துவதே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நான்கையும் ஒருசேர வாசிப்போருக்கு ஒன்று புலனாகும். இவை அனைத்தும் வழக்குரைகள். ஹைகல் வாதியின் வழக்குரைஞர். அல்அஸ்மும் ஹவ்ரானீயும் பிரதிவாதிகள். கெய்ரோக் குறிப்பேடு விசாரணை ஏடு. 'யார் துரோகி, யார் கொடுங்கோலன்' என்பதே எங்கும் வினா. 'சேரும்போதே விலகும் வழியை ஏன் எழுதிக்கொள்ளவில்லை?' என்பது எந்நூலிலும் மைய வினாவாகவில்லை. 1958 மார்ச்சின் இடைக்கால அரசியலமைப்பில் விலகல் பற்றிய விதியே இல்லை. 1960இல் கூடிய 600 பேர் கொண்ட பொது அவையில் 400 பேர் எகிப்தியர், 200 பேர் சிரியர். அவர்களும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், நியமிக்கப்பட்டவர்கள். குறையைச் சொல்ல மன்றமில்லை, வெளியேற வாயிலில்லை. வாயிலில்லாத வீட்டில் சுவரை இடிப்பவனே வெளியேறுவான். சுவரை இடிக்கும் கருவி படையிடம்தான் இருந்தது.

இதற்குச் சொல்லே சான்றாகிறது. அரபு அரசியல் நூல்கள் 'வஹ்தா' (ஒருமை), 'இத்திஹாத்' (இணைவு) என்னும் இரண்டையும் வேறுபடுத்துவதுண்டு. தனித்தன்மையை இழக்காது கூடுவது பின்னது. குடியரசின் பெயரிலிருந்த 'முத்தஹிதா' என்பது 'இத்திஹாத்' என்பதினின்றே பிறந்தது. நடைமுறையிலோ ஒன்று மற்றதில் கரைந்துபோகும் 'இந்திமாஜ்' நடந்தது. 'இன்ஃபிஸால்' என்னும் சொல்லின் வாய்பாட்டையும் நோக்குக. 'இன்ஃபிஆல்' என்னும் அவ்வாய்பாடு, செய்தவனைச் சொல்லாமல் நிகழ்ந்ததை மட்டும் சொல்வது. கண்ணாடி 'இன்கஸர', உடைந்தது. உடைத்தவன் யாரென வாக்கியம் கூறாது. சிரியா பிரிந்தது என்பது சொல்; பிரிக்கும் அளவுக்கு அதனை நெருக்கியவரும், மக்களைக் கேளாமல் பிரித்தவரும் அச்சொல்லுக்குப் பின்னே மறைந்துகொள்ள முடிந்தது.

நம் ஃபிக்ஹு நூல்களைப் பயின்றோருக்கு இது வியப்பளிக்க வேண்டும். 'ஷிர்கத்' எனப்படும் கூட்டு வாணிபத்தைப் பற்றி ஃபகீஹுகள் பேசும்போது, அது எத்தரப்பையும் நிரந்தரமாகக் கட்டிப்போடாத ஒப்பந்தம் என்பதைச் சேர்த்தே பேசுவர். பங்காளிகளுள் எவரும் அதனைக் கலைத்துக்கொள்ளலாம். ஹனஃபீ மத்ஹபின் இமாம் காஸானீ போன்றோர் ஒரு நிபந்தனையையும் வலியுறுத்துவர்: மற்றப் பங்காளி அறியக் கலைக்க வேண்டும், அவன் அறியாமல் கலைப்பது அவனுக்கு இழைக்கும் தீங்கு. கொள்வினை கொடுப்பினையில் 'கியார்' என்னும் விருப்புரிமை உண்டு. 'இகாலா' உண்டு, வருந்தி மீள விழைபவனை உடன்பாட்டினின்று விடுவிப்பவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்துள்ளார்கள். ஒரு மூட்டைத் தானியத்துக்கு இத்துணை வாயில்களை அமைத்த மரபுக்கு உரியவர்கள், இரண்டு நாடுகளை இணைத்தபோது ஒரு வாயிலும் வைக்கவில்லை. நாடு சரக்கன்று என்பது மெய்யே. ஆயினும் வெளியேறும் உரிமையும் அறிவித்து வெளியேறும் கடமையும் ஒருங்கே அமைந்தாலன்றிக் கூட்டு நேர்மையாகாது என்னும் உட்கருத்து இரண்டுக்கும் பொதுவன்றோ?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அல்லாஹ்வின் கயிற்றைப் பற்றிக்கொண்டு பிரிந்துவிடாதிருக்குமாறு ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 103ஆம் வசனம் பணிக்கிறதே, அவ்வாறாயின் ஒன்றியத்தை விட்டு விலகுவதைப் பற்றி விவாதிப்பதே தகுமா என்பர். அவ்வசனம் சுட்டும் கயிறு மார்க்கம். ஓர் அமைச்சரவையின் ஆணையன்று. ஆட்சியின் ஒருமை குறித்து நம் முன்னோரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஒரே காலத்தில் இரு இமாம்கள் கூடாதென மாவர்தீ எழுதினார். தொலைவு பிரிக்குமாயின் அதற்கு இடமுண்டென ஜுவைனீ கருதினார். இருவரும் ஒருவரையொருவர் துரோகி எனவில்லை.

அக்கால சிரிய உலமாக்களிடையேயும் இத்தகைய நிதானம் தென்பட்டது. முஸ்தஃபா அஸ்ஸிபாயீ 1958இல் ஒன்றியத்துக்காகத் தம் இயக்கத்தையே கலைத்தார். அவருக்குப் பின் தலைமையேற்ற இஸாம் அல்அத்தார், நாஸிர் ஆட்சியின் ஒடுக்குமுறையைக் கடுமையாகச் சாடியவர். இருந்தும் பிரிவினையை ஆதரித்த அறிக்கையில் ஒப்பமிட மறுத்தார். அநீதியைக் கண்டிப்பது வேறு, ஒன்றியத்தின் முறிவுக்கு வாழ்த்துப் பாடுவது வேறு என்னும் நுட்பம் அதில் உண்டு. இரு முகாம்களுக்கும் புறம்பான இம்மூன்றாம் நிலையை நாம் எடுத்துக்கொண்ட நூல்கள் போதிய அளவு மதிப்பிடவில்லை. வழக்குமன்றத்தில் மூன்றாம் தரப்புக்கு இருக்கை இல்லையல்லவா?

பிரிட்டனின் அனுபவத்தை ஒப்பிட்டால் நம் கருத்து தெளிவுறும். லிஸ்பன் உடன்படிக்கையின் 50ஆம் பிரிவு 2009 முதல் விலகலுக்கு முறை வகுத்திருந்தது: அறிவிப்பு, ஈராண்டுப் பேச்சு, தேவையாயின் நீட்டிப்பு. 2016 ஜூன் 23இல் 51.9 விழுக்காட்டினர் விலகலுக்கு வாக்களித்தனர். அடுத்த ஆண்டு அறிவிப்பு அளிக்கப்பட்டது. 2019இல் விலகல் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் மும்முறை நிராகரித்தது. 2020 ஜனவரி 31இல் விலகல் நிறைவேறியது. அவ்விவாதம் கண்ணியமாகவே நடந்தது என யாம் சொல்ல வரவில்லை. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னர் ஜோ காக்ஸ் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டார். துரோகி என்னும் பட்டம் அங்கும் தாராளமாக வழங்கப்பட்டது. வாக்களித்தோர் கேட்ட வாக்குறுதிகள் அனைத்தும் மெய்யுமல்ல. எனினும் வாயில் இருந்தது. ஆகவே எப்படைப்பிரிவும் வானொலி நிலையத்துக்குச் செல்லவில்லை. விலகியோர் பிழை செய்தனர் என எண்ணுவோர் அதனை இன்றும் வெளிப்படையாகச் சொல்லலாம். மீண்டும் சேரலாம் என வாதிடவும் தடையில்லை.

சிரியா கொடுத்த விலை வேறு. நாஸிர் வான்குடை வீரர்களை அனுப்பிவிட்டுப் பின் இரத்தஞ்சிந்துதலைத் தவிர்க்கும் பொருட்டுத் தடுத்துக்கொண்டார். அக்டோபர் 5இல் ஐக்கிய நாடுகள் அவையில் சிரியா மீண்டும் இடம்பெறுவதை எதிர்க்கப் போவதில்லை என்றும் அறிவித்தார். இதனை அன்னாரின் கணக்கில் வரவு வைப்பதே நீதி. ஆனால் படைவீட்டின் வழியே வெளியேறிய நாடு படைவீட்டினின்று வெளியேறவில்லை. 1962 மார்ச்சில் ஒரு புரட்சி. 1963 மார்ச்சில் மற்றொன்று. ஒன்றியம் 1958இல் இயற்றிய 162ஆம் இலக்க நெருக்கடி நிலைச் சட்டத்தின் இடத்தில், 1962 டிசம்பர் 22இல் சிரியா 51ஆம் இலக்க ஆணையை இயற்றியது. அப்போது பிரதமர் யார்? ஒன்றியத்தின் அடக்குமுறையைச் சாடிய அதே காலித் அல்அஸ்ம். பாஸ் ஆட்சி அவ்வாணையைக் கொண்டே 1963 முதல் 2011 ஏப்ரல் வரை நாட்டை நெருக்கடி நிலையில் வைத்திருந்தது. எகிப்திலோ அதே 162ஆம் இலக்கச் சட்டம் 1981 முதல் 2012 வரை இடைவிடாது ஆண்டது. ஒன்றியம் பிரிந்தது, அதன் பூட்டு இரு வீடுகளிலும் தங்கியது.

ஆக, விலகலாமா என்னும் வினா தன்னளவில் பாவமன்று. அதனைக் கேட்கத் தடைவிதித்ததே 1958இன் முதற்பிழை. கேளாமலே விடையைத் துப்பாக்கியால் எழுதியது 1961இன் பிழை. எழுத்தாளரின் பிழையும் ஒன்றுண்டு: அரை நூற்றாண்டாக இரண்டில் ஒன்றை மட்டும் கண்டித்து நூல்கள் எழுதினோம். ஒன்றியத்தின் இரு விண்மீன் கொண்ட கொடி 1980 முதல் மீண்டும் சிரியாவின் கொடியாகப் பறந்து, 2024 டிசம்பரில் இறங்கியது. பிரிவினை ஆட்சி 1961இல் உயர்த்திய பச்சைக் கொடி அவ்விடத்தில் ஏறியது. கொடிகள் மாறிவிட்டன. பழைய வழக்குரைகளை மூடிவைத்துவிட்டு, மக்கள் அஞ்சாமல் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லக்கூடிய மன்றத்தை அமைப்பதே அம்மண்ணின் புதிய தலைமுறைக்கும், ஷூராவைக் குறித்துப் பேசும் நம் அனைவருக்கும் எஞ்சியிருக்கும் பணி. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.